மெனிண்டிப் பக்கம் ஒரு வுல் பிரஸ்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ப்ரோக்கன் ஹில் நகரத்தைத் தாண்டியிருக்கும் சிற்றூர் மெனிண்டி. அந்தப் பக்கம் பார்த்த வுல் பிரஸ், அதாவது கத்தரித்த ஆட்டு ரோமத்தை அமுக்கிப் பொதியாகக் கட்டும் மெஷின் பற்றியது இது. முதலில் வழி, அடுத்து செலவு, கடைசியில் மெஷின் என்ற வரிசையில்தான் எழுத உத்தேசம். எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்போம்.

சிட்னியிலிருந்து ப்ரோக்கன் ஹில்லுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு அரசு ரயில். திங்கள் காலை கிளம்பும், செவ்வாய் காலை திரும்பிவிடும். அதிலேயே போய் அதிலேயே வருவதென்றால் ஒன்று ஒரே ராத்திரி, இல்லையென்றால் எட்டு ராத்திரி. நடுவில் எதுவும் கிடையாது. ப்ரோக்கன் ஹில் கடிகாரம் சிட்னியைவிட அரை மணி பின்னால் ஓடும். மாநிலம் ஒன்றுதான், நேரம் மட்டும் பக்கத்து மாநிலத்துடையது.

பர்ஸைக் காலி செய்வது வாடகைக் கார். ப்ரோக்கன் ஹில்லிலிருந்து மெனிண்டி வரை 110 கி.மீ. நல்ல தார்ச்சாலை. அதைத் தாண்டி கின்செகா தேசியப் பூங்காவுக்குள் மண்சாலை. தார் போடாத சாலையில் இன்சூரன்ஸ் செல்லாது என்ற வரி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. கவுன்டரில் வாய் திறந்து சொல்வதில்லை. கேட்டால் பெரிய வண்டிக்கு மாறச் சொல்கிறார்கள், வாடகையும் கூடவே ஏறுகிறது. இது பகல் கொள்ளை. சாவியை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். மழை பெய்தால் மண்சாலைகளை மூடிவிடுவார்கள், மீறிப் போனால் அபராதம். பொழுது சாய்ந்தபின் கங்காரு குறுக்கே பாயும், ஓட்டவே வேண்டாம்.

கின்செகாவில் இருக்கும் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகை 1875-இல் கட்டியது. ஆற்றங்கரை யூகலிப்டஸ் தூண்கள், மேலே நெளிதகரம். 1967-இல் வேலை நிற்பதற்குள் அந்தப் பண்ணையில் கத்தரித்த ஆடுகள் 60 லட்சம். இந்த மாதிரிக் கொட்டகைகளுக்கு வருகிறவர்கள் கத்தரிக்கும் மேடையைப் படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கத்தரித்ததைக் கட்டி அனுப்பாவிட்டால் காசு ஏது? அந்த வேலையைச் செய்த பிரஸ்ஸைச் சரியாகப் பார்க்கக் கிடைத்தது, திரும்பும் வழியில் ஒரு தனியார் பண்ணையின் பழைய கொட்டகையில். முன்கூட்டி அனுமதி கேட்டால் திறந்து காட்டுகிறார்கள்.

மரப்பெட்டி இரண்டு, இரும்புச் சட்டம், கம்பிவடம், பக்கத்துக்கு ஒரு நெம்புகோல். பெயர்த்தகடு கழன்றுபோயிருந்தது. அந்தக் காலத்தில் பேர் வாங்கியவை ஜீலாங்கில் செய்த ஃபெரியர் பிரஸ், சிட்னியில் டென்மார்க்கிலிருந்து வந்த கோர்ஸ்ட்ஸ் செய்த பிரஸ். கையால் இயங்கும் இரட்டைப் பெட்டி பிரஸ்களில் சூத்திரம் பெரும்பாலும் ஒன்றுதான்.

கீழ்ப்பெட்டிக்குள் சணல் சாக்கை இறக்கி, அதன் வாய் மடிப்புகளை விளிம்பிலுள்ள கொக்கிகளில் மாட்ட வேண்டும். நாலு மூலையும் பெட்டியோடு ஒட்டி நிற்கணும். ஒரு மூலை தொளதொளவென்றிருந்தால் பேல் என்கிற ரோமப் பொதி கோணலாகி, கதவைத் திறந்தாலும் வெளியே வராமல் இறுகிக்கொள்ளும். அடுத்து ரோமத்தைப் போட்டு மிதிப்பது. நடுவில் மட்டும் கொட்டி மிதித்தால் வயிறு புடைத்து மூலைகள் காலியாக இருக்கும், அதனால் மூலையிலிருந்தே நிரப்புவார்கள். மேல்பெட்டியையும் தரையில் வைத்து நிரப்பி, கயிறு போட்டுக் கீழ்ப்பெட்டியின் மேல் கவிழ்ப்பது. அதுவரை மேல்பெட்டியின் அடியில் கிடந்த பலகை இப்போது உச்சியில் வந்து நிற்கும். அந்தப் பலகைக்குப் பேர் மங்கி. குரங்கு ஏன் வந்தது என்று கேட்காதீர்கள், கொட்டகையில் எல்லாருக்கும் அது மங்கிதான்.

மங்கியில் கம்பிவடத்தை மாட்டி, இரண்டு பக்கமும் ராட்செட் (ஒரு பக்கம் மட்டுமே சுழலும் பல்சக்கரம்) நெம்புகோலை அடிக்க அடிக்க அது பல் பல்லாக இறங்கும். இரண்டு பேரும் ஒரே தாளத்தில் அடிக்கணும். ஒரு பக்கம் முந்தினால் மங்கி சாய்ந்து பெட்டிச் சுவரில் சிக்கிக்கொள்ளும். திரும்ப ஏற்றி முதலிலிருந்து. ஆபத்தான இடமும் இதுதான். அமுக்கிய ரோமம் ஸ்ப்ரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளும். ராட்செட்டின் தடுப்பு நாக்கு தேய்ந்திருந்தால் நழுவும், நெம்புகோல் தாடையைப் பெயர்க்கும். பழைய பிரஸ்ஸில் கை வைக்கும் முன் அந்த நாக்கையும், வடத்தில் இழை பிரிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மங்கி முழுக்க இறங்கியதும் கீழ்ப்பெட்டி விளிம்புக்கு மேலே இரும்புக் கம்பிகளைக் குறுக்கே செருகுவார்கள். ரோமம் மேலே பொங்காமல் பிடித்துக்கொள்ளும். மேல்பெட்டியைத் தூக்கிவிட்டு, சாக்கு மடிப்புகளை இழுத்து மூடி, கோணி ஊசியும் சணல் நூலுமாகத் தைத்தபின்தான் கம்பிகளை உருவலாம். அவசரப்பட்டு உருவினால் தையல் தெறிக்கும். கதவைத் திறந்து, பேலை உருட்டி, எடை போட்டு, தகட்டு அச்சு வைத்துப் பண்ணைக் குறி, ரோமத்தின் தரம், பேல் எண் மூன்றையும் மையிட்டால் வேலை முடிந்தது.

ஒரு மெரினோ ஆட்டில் நாலைந்து கிலோ வரும் என்று வைத்தாலும், 150 கிலோ பேலுக்கு முப்பது, நாற்பது ஆடு. இப்போது ஹைட்ராலிக் பிரஸ்ஸும் நைலான் சாக்கும். ஏலத்துக்குப் போகும் பேல் 110 கிலோவுக்குக் குறையக்கூடாது, 204-ஐத் தாண்டக்கூடாது. சணல் போனதற்குக் காரணம் உண்டு: அதன் நார் ரோமத்தோடு கலந்தால் சாயம் ஒழுங்காக ஏறாது. நம் வங்காளத்துச் சணல் இந்தச் செம்மண் வெளி வரைக்கும் வந்து ஓய்ந்திருக்கிறது!

ஈர ரோமத்தை அமுக்கக்கூடாது. உள்ளுக்குள்ளேயே சூடேறி, பூஞ்சை பிடித்து மஞ்சளாகிவிடும். மழையில் நனைந்த ஆட்டைக் கத்தரிக்காமல் காயவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு பாடு எதற்கு? கப்பலில் இடம்தான் காசு. துறைமுகத்தில் இந்தப் பேல்களையே இரண்டிரண்டாகச் சேர்த்து மறுபடி அமுக்கி இரும்புப் பட்டை போடுவார்கள். அதற்கு 'டம்ப்பிங்' என்று பேர். இங்கிருந்து ரோமம் டார்லிங் ஆற்றில் துடுப்புச் சக்கர நீராவிப் படகில்தான் கடல் பக்கம் போனது. 1872-இல் கின்செகா அருகே பாய்லர் வெடித்துச் சிதறிய 'பிராவிடன்ஸ்' அப்படிப்பட்ட படகுகளில் ஒன்று.

செலவுக் கணக்கு பாக்கி. மெனிண்டியில் கடைகள் குறைவு. பெட்ரோலும் குடிதண்ணீரும் ப்ரோக்கன் ஹில்லிலேயே நிரப்பிக்கொண்டால் மிச்சம். ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் நடுவில் போங்கள், கோடையில் 40 டிகிரியைத் தாண்டும், தகரக் கொட்டகைக்குள் நிற்க முடியாது. டார்ச் அவசியம். ராட்செட் பல்லெல்லாம் இருட்டு மூலையில்தான் இருக்கிறது.