யூரின் பேக்கும் கஞ்சி டம்ளரும்

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோது எங்கள் கவலையெல்லாம் ஆபரேஷனைப் பற்றித்தான் இருந்தது. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, இரண்டு பேர் தங்கும் அறை, மொத்தம் 9 நாள். அம்மாவுக்கு வயது 68, சர்க்கரை வேறு. "ஆபரேஷனை நாங்க பாத்துக்குவோம். அப்புறம் இன்ஃபெக்‌ஷன் வராம இருக்கிறதுல உங்களுக்கும் வேலை இருக்கு" என்று சர்ஜன் சொன்னார். தலையை ஆட்டினேன். என்ன வேலை என்று கேட்கத் தோன்றவில்லை.

முதல் பாடம் ஆபரேஷனுக்கு முந்தின நாள். முடி எடுக்கச் சொல்வார்கள் என்று தம்பி கடையில் ரேஸர் வாங்கி வந்துவிட்டான். சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிளேடு படும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், கிருமி அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். தேவைப்பட்டால் டிரிம்மர் மாதிரி ஒரு மெஷினால் வெட்டிவிடுவோம், அவ்வளவுதான் என்றார். அந்த ரேஸர் பிரிக்காமல் இன்னும் வீட்டில் கிடக்கிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த நாளே பிசியோதெரபிஸ்ட் வந்து வாக்கரைப் பிடித்து நிற்கவைத்துவிட்டார். மூன்று பந்து உள்ள ஒரு கருவியைக் கொடுத்து, மூச்சை உள்ளே இழுத்துப் பந்தைத் தூக்கச் சொன்னார்கள். படுத்தே கிடந்தால் சளி கட்டி நிமோனியாவில் கொண்டுபோய் விடுமாம். அம்மா இரண்டு பந்துக்கு மேல் தூக்கவில்லை.

என் வேலை என்ன என்பது எனக்கு உறைத்தது அன்று மாலைதான். ஆயாம்மா வரத் தாமதமானதால் யூரின் பேக்கை நானே காலி செய்தேன். கையை டவலில் துடைத்துக்கொண்டு, ஃபிளாஸ்கிலிருந்து கஞ்சியை ஊற்றி அம்மாவின் வாயருகே கொண்டுபோனேன். டம்ளரின் விளிம்பில் என் கட்டைவிரல். வாஷ்பேசினுக்கு மேலே, எப்போதெல்லாம் கை கழுவ வேண்டும் என்று ஐந்து படம் போட்ட போஸ்டர் முதல் நாளிலிருந்தே ஒட்டியிருந்தது. அது டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் என்றே நினைத்திருந்தேன். கஞ்சியைக் கீழே கொட்டிவிட்டு அன்றுதான் அதை முழுசாகப் படித்தேன். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால், சுத்தமாகச் செய்ய வேண்டிய வேலைக்கு முன்னால், சிறுநீர், ரத்தம் மாதிரி எதுவும் பட்டிருக்கக்கூடும் என்றால் அதற்குப் பின்னால், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்டபின். கடைசிப் படம்தான் என்னைக் குத்தியது. கட்டில் கம்பி, திரைச்சீலை, ஏசி ரிமோட், அப்புறம் என் போன். அது எத்தனை தடவை தரையில் விழுந்து, நேராக அம்மாவின் போர்வை மேல் ஏறியிருக்கும்!

அந்த யூரின் பேக் இன்னொரு விஷயத்தையும் கற்றுக்கொடுத்தது. எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது வார்டு பையன் அதைத் தூக்கி அம்மாவின் வயிற்றின் மேல் வைத்துவிட்டான். பார்க்கும்போதே டியூபில் இருந்தது திரும்பி ஓட ஆரம்பித்தது. எதிரே வந்த சிஸ்டர் ஒரு சத்தம் போட்டார். பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. அந்த டியூப் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் கிருமி ஏறுகிற வாய்ப்பு கூடிக்கொண்டே போகும் என்றும் அவர்தான் சொன்னார். மறுநாள் ரவுண்ட்ஸில், "டியூப் இன்னும் வேணுமா டாக்டர்?" என்று கேட்டேன். எடுத்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், டியூப் இருந்தால் ராத்திரி எனக்குத் தூக்கம். எடுத்தபின் இரண்டு மணிக்கு ஒருதரம் பெட்பேன். கேட்காமல் விட்டிருப்பேனோ என்று பிறகு யோசித்ததுண்டு.

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்மணிக்கு ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருக்கும்போதே வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. பரிசோதனையில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்று வந்தது, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒரு கிருமி. அன்று சாயங்காலமே தனி அறைக்கு மாற்றினார்கள், கழிப்பறையை பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கழுவினார்கள். அதுவரை சானிடைசர் பாட்டிலும் கையுமாகத் திரிந்த என்னிடம் சிஸ்டர், "அக்கா, இதுக்கு ஹேண்ட் ரப் பத்தாது. இந்தக் கிருமியோட வித்து ஆல்கஹாலுக்குச் சாகாது. சோப்புப் போட்டுத் தண்ணியில கழுவுங்க" என்றார். கழுவுவது என்றால் பெயருக்கு நனைப்பது இல்லை. ஈரமாக்குவதிலிருந்து துடைப்பது வரைக்கும் 40 முதல் 60 விநாடி. நின்று பாருங்கள், நீளமான நேரம்.

கேட்பதற்குக் கூச்சப்பட்டது டிரெஸ்ஸிங்கின்போதுதான். இளம் டாக்டர் ஒருவர் அடுத்த அறையில் வேலையை முடித்துவிட்டு கிளவுஸோடே வந்தார். அதே கையால் திரையை விலக்கினார். அதே கை அம்மாவின் பிளாஸ்டரை நோக்கி நீண்டது. தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கப் பார்த்து, முடியாமல், "டாக்டர், கிளவுஸ்..." என்றேன். முகம் மாறியது. ஒன்றும் பேசாமல் கழற்றி மஞ்சள் பைக்குப் பக்கத்தில் இருந்த சிவப்பில் போட்டார், கையைத் தேய்த்தார், புதுசு மாட்டினார். அவர் போனதும் அம்மா, "ஏண்டி அப்படிக் கேட்ட? கோவிச்சுக்கப் போறாரு" என்று எனக்குத்தான் திட்டு. மறுநாள் அவர் வாசலிலேயே நின்று, என்னைப் பார்த்துக்கொண்டே கையைத் தேய்த்தார். அது கிண்டலா கோபமா என்று தெரியவில்லை. தேய்த்தார், போதும்.

டாக்டரைக்கூடக் கேட்டுவிடலாம், சொந்தக்காரர்களைச் சமாளிப்பது பெரும்பாடு. ஒரு பாஸுக்கு ஒருவர் என்பது விதி. வாட்ச்மேனைத் தாண்டி ஏழு பேர் வருவது நம் ஊர் வழக்கம். வந்தவர்கள் கட்டில் ஓரத்தில்தான் உட்காருவார்கள். பெரிய மாமா இருமிக்கொண்டே வந்து அம்மாவின் கன்னத்தைத் தடவினார். பார்க்க வராவிட்டால் தப்பாக நினைப்பார்களே என்று அவர்களுக்கு. வந்தவர்களைத் தடுத்தால் தப்பாக நினைப்பார்களே என்று நமக்கு. கடைசியில் "பெரிய டாக்டர் யாரையும் விடக் கூடாதுன்னுட்டார்" என்று ஒரு பொய்யைச் சொல்லி, வீடியோ காலுக்கு மாற்றினேன்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்று தப்பிவிட்டது. ஐந்தாம் நாள் அம்மா, "ஊசி போடுற இடம் சுருக்குசுருக்குங்குது" என்றார். மணிக்கட்டில் வென்ஃப்ளானை, அதாவது மருந்து ஏற்ற நரம்பில் செருகி வைத்திருந்த சின்னக் குழாயை, சுற்றிச் சிவந்து, நரம்பு மேலே கயிறு மாதிரித் தடித்திருந்தது. பிளாஸ்டரில் என்றைக்குப் போட்டது என்று தேதி எழுதியிருக்கவில்லை. கேட்டால் ஒவ்வொரு ஷிப்டும் ஒவ்வொரு நாள் சொன்னது. உடனே எடுத்துவிட்டு மறு கையில் போட்டார்கள். இந்த முறை நானே பேனாவைக் கொடுத்துத் தேதி எழுதச் சொன்னேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது, காயம் சிவந்தாலோ சூடாக இருந்தாலோ, நீரோ சீழோ கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வரச் சொன்னார்கள். டிரெஸ்ஸிங் மாற்றும்போதெல்லாம் ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைத்தேன். 14ஆம் நாள் காயத்தை மூடப் போட்டிருந்த பின்களை எடுத்தார்கள், 23 பின். காயம் காய்ந்திருந்தது. மணிக்கட்டில் அந்தக் கயிறு மட்டும் இளக ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. டிவி பார்க்கும்போது அம்மா அதைக் கட்டைவிரலால் உருட்டிக்கொண்டே இருப்பார்.