மாடி ஃபைபர் தொட்டி: தூக்கிப்போடாமல் செய்து பார்த்த பராமரிப்பு வேலை

2003-இல் நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஏற்றிய 1000 லிட்டர் ஃபைபர் தொட்டி. வெளிச்சுவரைத் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. மேற்குப் பக்கம் கண்ணாடி இழை வெளியே கிளம்பி, பட்ட இடமெல்லாம் அரிப்பு. உள்ளே எத்தனை கழுவினாலும் பாசி. அடியில், தண்ணீர் இறங்கும் நிப்பிளை (தொட்டியில் பொருத்திய குட்டைக் குழாய்த்துண்டு) சுற்றிக் கசிவு. பிளம்பர் பார்த்துவிட்டு, "இனிமே தாங்காது சார், பிளாஸ்டிக் ஒன்னு வாங்கிப் போட்டுருங்க" என்றார்.

எனக்கு மனசு வரவில்லை. பிளாஸ்டிக் தொட்டி உடைந்தால் உருக்கி வேறு ஏதாவது செய்வார்கள். ஃபைபரில் கண்ணாடி இழைகளைப் பிணைத்திருக்கும் பாலியஸ்டர் ரெசின் என்ற பிசின் ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருகாது. எரித்தால் கரும்புகை. குப்பைமேட்டில் போட்டால் அப்படியே கிடக்கும். ஆனால் ஒட்டுப்போட ஃபைபர் மாதிரி தோதான பொருள் கிடையாது. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் ரெசின் பிடிக்கவே பிடிக்காது, உரிந்து வந்துவிடும்.

இந்த ஊரில் இன்னொரு வசதி. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. அதோடு மேட் (கண்ணாடி இழை விரிப்பு), ரெசின், அது சீக்கிரம் இறுக உதவும் கோபால்ட் கரைசல் எல்லாம் சில்லறையாகக் கிடைக்கிற கடைகளும், பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் பெருகின. பைக் மட்கார்டு, பூந்தொட்டி என்று நானும் விடுமுறை நாட்களில் ஃபைபர் வேலை செய்து பழகியவன்தான். ஆனாலும் தண்ணீர் தொட்டி என்பதால் படகுப் பட்டறை அண்ணன் ஒருவரிடம் யோசனை கேட்டுக்கொண்டே செய்தேன்.

"எத்தன வருஷம் ஆச்சுன்னு கேக்காத தம்பி, தட்டிப் பாரு" என்றார் அவர். ஒரு ரூபாய் நாணயத்தால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போனேன். கணீரென்று கேட்டால் அடுக்குகள் ஒட்டியிருக்கின்றன. சத்தம் செத்துக் கேட்டால் உள்ளே பிரிந்துவிட்டது. நிப்பிளைச் சுற்றி உள்ளங்கை அகலம் மட்டும்தான் செத்த சத்தம். உட்புறம் கொப்புளம் இருக்கிறதா என்றும் பார்த்தேன். கொப்புளத்தைக் குத்தினால் புளித்த வாடையோடு நீர் வந்தால், தண்ணீர் ரெசினுக்குள் ஊடுருவி அதைச் சிதைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எங்கள் தொட்டியில் அப்படி எதுவும் இல்லை. அடித்தளம் முழுக்கச் செத்த சத்தமோ, அழுத்தினால் குழிகிற சுவரோ இருந்திருந்தால் பிளம்பர் சொன்னதையே கேட்டிருப்பேன்.

ராத்திரி ஒரு டார்ச் விளக்கை எரியவிட்டு உள்ளே இறக்கி, மூடியை மூடிவிட்டு வெளியே நின்று பார்த்தேன். மேற்குச் சுவர் மட்டும் அரிக்கன் லாந்தர் மாதிரி மஞ்சளாக ஒளிர்ந்தது. மேல்பூச்சு வெயிலில் தேய்ந்து போனதால் வெளிச்சம் ஊடுருவுகிறது. பாசிக்கு வேறென்ன வேண்டும்? பிளீச்சிங் பவுடரை எவ்வளவு கொட்டினாலும் வெளிச்சத்தை மறைக்காமல் பாசி போகாது. ஃபைபர் தொட்டி வைத்திருக்கும் எல்லோரும் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும்.

கசிவுக்குக் காரணம் தொட்டியே இல்லை. அது உட்கார்ந்திருந்த விதம். கீழே செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, அதன்மேல் வைத்திருந்தார்கள். 1000 லிட்டர் என்றால் ஒரு டன். நிரம்பும்போது அடித்தளம் இடைவெளிகளில் தொய்யும், வடிந்தால் எழும். தினம் ஒருமுறை என்று வைத்தாலும் 20 வருஷத்தில் 7300 தடவை. போதாததற்குக் கீழிறங்கும் குழாயின் பாரம் முழுவதும் நிப்பிளில் தொங்கியது. அதைச் சுற்றி மயிரிழை விரிசல் விழாமல் என்ன செய்யும்? அதனால் முதல் வேலையாகத் தொட்டியை இறக்கி, மட்டம் பார்த்து கான்கிரீட் மேடை போட்டேன். காலித் தொட்டி கனமில்லை, இரண்டு பேர் தூக்கலாம். குழாய்க்குத் தனியாகக் கிளாம்ப் அடித்தேன்.

பிறகுதான் ஒட்டு. தொட்டியைப் படுக்கவைத்து நல்ல வெயிலில் காயவிட்டேன். ஈரம் இருந்தால் ரெசின் பிடிக்காது. விரிசல் விழுந்த பகுதியைக் கிரைண்டரில் தேய்த்து, ஓரங்களை நாலா பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குச் சரிவாக்கினேன். ஒட்டு நிற்பது இந்தச் சரிவில்தான். தூசி பொல்லாதது. முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் தொடவே கூடாது. அசிட்டோன் என்ற கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்த பிறகு கைபடக் கூடாது.

கடையில் ரெசின் என்று கேட்டால் ஜி.பி. (பொது உபயோக) ரெசினைத்தான் எடுத்து வைப்பார்கள். தண்ணீர் படும் உட்புறத்துக்கு ஐசோ ரெசின், அதிலும் குடிநீருக்கு ஏற்ற தரம் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். ஐசோ தண்ணீரில் அதிக காலம் தாங்கும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு போட்டால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன் வரும். மூன்று அடுக்கு போட்டேன். மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் ஓர இழைகள் பிசிறாக நின்று பழைய சுவரோடு நன்றாகப் பின்னிக்கொள்ளும். மேட் எடையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் போதும். அதிகம் ஊற்றினால் பலம் கூடாது, விறைத்து விரிசல் விடும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கோபால்ட்டையும், ரெசினை இறுகவைக்கும் திரவமான கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, அதற்குப் பிறகுதான் கேட்டலிஸ்ட். அது ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். நம் ஊர் வெயிலுக்கு நூற்றுக்கு ஒரு பங்கு கேட்டலிஸ்ட் தாராளம். காலை வெயில் ஏறுமுன் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். நிறையக் கலந்து வைத்தால் டப்பாவிலேயே சூடேறிப் புகையும். இரும்பு ரோலரை உருட்ட உருட்ட வெள்ளையாக இருந்த மேட் கண்ணாடியாகத் தெளிந்து, காற்றுக் குமிழிகள் ஓரத்துக்கு நகரும். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த நேரம் அதுதான். கையை மட்டும் உள்ளே விட்டுச் செய்தேன், தலையை விடவில்லை. ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரின் வாடை மூடிய இடத்தில் மயக்கம் தரும். பக்கத்தில் பீடி, நெருப்பு எதுவும் ஆகாது.

வெளிச்சுவரை உப்புத்தாளால் தேய்த்து, முதலில் கறுப்பு ஜெல்கோட் (நிறம் கலந்த ரெசின் மேல்பூச்சு), அதன்மேல் வெள்ளை. கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்கும், வெள்ளை வெயிலைத் திருப்பும். கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப்பட்ட மேற்பரப்பு பிசுபிசுவென்றே இருக்கும். இறுகியதா என்று பார்க்க அசிட்டோன் துணியால் தேய்த்தேன். பிசுக்கு வரவில்லை.

உடனே குடிநீர் நிரப்பவில்லை. வலை கட்டி வெயிலில் காயவிட்டு, பிறகு வாடை முற்றிலும் போகும்வரை நிரப்பி நிரப்பி வடித்தேன். கடைசியாகத் தொட்டி நிறையத் தண்ணீருக்கு 150 கிராம் புது பிளீச்சிங் பவுடர் கரைத்து, ராத்திரி முழுக்க நிற்கவிட்டுக் கொட்டிக் கழுவினேன். உப்புப் படிவை எடுக்க ஆசிட் ஊற்றும் பழக்கம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் சேர்ந்தால் விஷவாயு. கம்பி பிரஷும் வேண்டாம், அது ஜெல்கோட்டைக் கீறிவிடும். நைலான் பிரஷ் போதும். இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவுவது, வருஷத்துக்கு ஒருமுறை டார்ச் சோதனை. வெள்ளைப் பூச்சு பொடியத் தொடங்கியதும், இழை தெரியுமுன்னே மறுபூச்சு. இதை விடாமல் செய்தால் இந்தத் தொட்டி இன்னும் பல வருஷம் உழைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கசிவு நின்றது. டார்ச் வெளிச்சம் எங்கும் தெரியவில்லை. மூடி இன்னும் பாக்கி: ஓரம் சிதைந்து சரியாக உட்காரவில்லை, வழிகுழாய்க்கும் வலை கட்டவில்லை. டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்பதால், ஐப்பசி மழைக்கு முன் இரண்டையும் முடித்துவிடுவேன்.