திரித்துவ ஞாயிறும் ஹீபரின் பாட்டும்: கிளிநொச்சி நாட்குறிப்பு

12 யூன் 2025, வியாழன்

வரும் ஞாயிறு, பிதா, சுதன், தூய ஆவி என மூவராய் இருக்கும் ஒரே கடவுளைப் போற்றும் திரித்துவத் திருநாள் என்பதால், பின்னேரப் பாடற் பயிற்சியில் ‘தூய, தூய, தூயா’ பாமாலையை எடுத்தோம். இடையில் மின்சாரம் நின்று கீபோர்ட் ஓய்ந்தபோதும் பாட்டு நிற்கவில்லை. முதலடியில் ‘தூய’ என்று மும்முறை சொல்லும்போது குரல் ஸ, க, ப என்று படிப்படியாக ஏறுவதால், சங்கீதம் படித்த பிள்ளையும் படிக்காத முதியவரும் அதை ஒன்றாகவே பிடித்துக்கொள்கிறார்கள். 1861 இல் ஜோன் பக்கஸ் டைக்ஸ் அமைத்த இம்மெட்டுக்கு, திரித்துவக் கோட்பாட்டை விசுவாச அறிக்கையாக்கிய, 325 ஆம் ஆண்டு நைசியா நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தின் நினைவாக ‘நைசியா’ என்று பெயர். அந்தச் சங்கத்துக்கு இவ்வாண்டு 1700 ஆண்டுகள் நிறைகின்றன.

14 யூன், சனி

இது வெள்ளைக்காரர் பாட்டு என்று முகஞ்சுளிப்பவர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் இதை எழுதிய ரெஜினால்ட் ஹீபர், இங்கிலாந்தின் ஹொட்னெட் என்னும் ஊரில் குருவாக இருந்து, பின்னர் கல்கத்தாவின் பேராயராகி, 1825 இல் இலங்கைக்கும் வந்து, 1826 ஏப்ரல் 3 ஆம் திகதி திருச்சிராப்பள்ளியில் தமது 42 ஆவது வயதில் மரித்து, அங்கேயே தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். இன்று உலகமெங்கும் அவருடைய சொற்களைச் சுமந்து செல்லும் மெட்டை அவர் கேட்டதேயில்லை.

15 யூன், ஞாயிறு

ஆராதனை முடிந்தபின், காணாமற்போன மகனுக்காக இன்னும் காத்திருக்கும் பெரியம்மா ஒருவர், “இந்தப் பாட்டிலை மட்டும் நான் ஒண்டும் கேக்கிறேல்லை, தம்பி” என்றார். வீட்டுக்கு வந்து பாமாலைப் புத்தகத்தைப் பிரித்து அந்தப் பாட்டைப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். தா, காத்தருளும், இரங்கும் என்ற வேண்டுதல் எதுவும் அதில் இல்லை. ஏசாயாவின் ஆறாம் அதிகாரத்திலும் வெளிப்படுத்தின விசேஷத்தின் நான்காம் அதிகாரத்திலும் பரலோகத்தார் எழுப்பும் அதே முழக்கம்தான் தொடக்கம் முதல் இறுதிவரை ஒலிக்கிறது. விண்ணப்பங்களை எழுதி எழுதியே ஓய்ந்துபோன வன்னி மக்களுக்கு, எதையும் கேட்காமல் கடவுளுக்கு முன்னால் நிற்க இடந்தரும் ஒரு பாட்டு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, பல ஆண்டுகளாக இதைப் பாடிவரும் எனக்கு அவர்தான் உணர்த்தினார். பாட்டின் இனிமையைவிட இதுவே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

18 யூன், புதன்

நேரம் போதாதென்று மூன்றாம் சரணத்தை விட்டுவிடலாம் என இளையவர்கள் கேட்டார்கள். நான் இணங்கவில்லை. இருள் கடவுளை மறைப்பதையும், பாவமுள்ள கண்ணுக்கு அவருடைய மகிமை தென்படாததையும் ஹீபர் வெளிப்படையாக ஒப்புக்கொள்வது அங்கேதான். அதை நீக்கிவிட்டால் எஞ்சுவது, எல்லாம் நன்றாக இருப்பவர்கள் மட்டும் பாடக்கூடிய துதியாகிவிடும். நேரம்தான் தடையென்றால் அறிவித்தல்களைச் சுருக்கலாம் என்று குருவானவரிடம் சொல்லியிருக்கிறேன்.