பம்புகள் நின்ற பிறகு

உலோகச் சுரங்கம் இயங்கும் காலத்தைவிட, அது கைவிடப்பட்ட பின் வரும் காலமே ஆற்றுக்குப் பெரும் சோதனை என்று நான் கருதுகிறேன். இயங்கும் சுரங்கத்தில் பம்புகள் இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டிருக்கும். கேள்வி கேட்க உரிமையாளர் ஒருவராவது இருப்பார். பம்புகள் நின்றதும் நிலத்தடி நீர் மெல்ல உயர்ந்து, பல்லாண்டுகள் காற்றுப்பட்டுக் கிடந்த பாறைச் சுவர்களைக் கழுவத் தொடங்குகிறது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் வீல் ஜேன் வெள்ளீயச் சுரங்கம் 1991-இல் மூடப்பட்டது. 1992 ஜனவரியில் அதன் நீர் உடைத்துக்கொண்டு வெளியேறி, ஃபால் கழிமுகத்தைச் செம்மஞ்சளாக்கியது.

செம்பு, துத்தநாகம், ஈயம் ஆகியவற்றின் தாதுக்களோடு பெரும்பாலும் பைரைட் என்னும் இரும்புச் சல்ஃபைடும் கலந்திருக்கும். மண்ணுக்கடியில் காற்றுப் படாமல் கிடந்தவரை அதனால் தொல்லை குறைவு. பாறையை உடைத்துத் தாதுவைப் பிரித்தெடுத்து, எஞ்சியதைத் தூளாகக் குவித்துவிட்டால், ஆக்சிஜனும் மழைநீரும் அந்தப் பைரைட்டைச் சிதைத்துக் கந்தக அமிலத்தையும் கரைந்த இரும்பையும் உண்டாக்குகின்றன. அந்த இரும்பு மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து அடுத்த பைரைட்டைத் தானே தாக்குகிறது. அமிலத்தில் செழிக்கும் நுண்ணுயிரிகள் இந்தச் சுழற்சியைப் பன்மடங்கு விரைவுபடுத்துகின்றன. இப்படிப் பிறக்கும் அமிலம் வழியிலுள்ள காட்மியம், துத்தநாகம், செம்பு எல்லாவற்றையும் கரைத்து ஓடைக்குக் கொண்டுபோகிறது.

கலிஃபோர்னியாவின் அயர்ன் மவுண்டனில் சுரங்கப்பணி 1963-இல் நின்றது. அதற்குக் கால் நூற்றாண்டுக்கும் மேலான காலத்துக்குப் பின் மலைக்குள் எடுத்த நீரின் பி.எச். அளவு (இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) −3.6 வரை இறங்கியிருந்தது. பாடப்புத்தகங்கள் காட்டும் 0 முதல் 14 வரையிலான அளவுகோலுக்குள்ளேயே அது அடங்கவில்லை. எஞ்சிய தாது முழுவதும் சிதைய ஏறத்தாழ 3,000 ஆண்டுகள் ஆகலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. எந்த நிறுவனமும் அத்தனை காலம் உயிரோடு இருந்ததில்லை.

நிறம் மாறினால்தான் செய்தியாகிறது. 2015 ஆகஸ்டில் கொலராடோவின் கோல்டு கிங் சுரங்கத்திலிருந்து சுமார் 1.1 கோடி லிட்டர் கழிவுநீர் அனிமஸ் ஆற்றில் பாய்ந்தபோது உலகமே அந்த மஞ்சள் ஆற்றின் படத்தைப் பார்த்தது. ஆனால் மஞ்சளாகப் படிவது பெரும்பாலும் இரும்புதான். அமிலத்தன்மை குறைந்து இரும்பு படிந்த பிறகும் துத்தநாகமும் காட்மியமும் தெளிந்த நீரில் கரைந்தே இருக்கக்கூடும். அடித்தளக் கற்களைப் புரட்டிப் பார்த்தால் பூச்சிப் புழுக்கள் ஒன்றுகூட இல்லாத தெளிந்த ஓடை எனக்கு அதிக அச்சம் தருகிறது.

சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தை முறித்தால் உலோகங்கள் சேறாகப் படிந்துவிடும்; இந்த முறை நன்றாகவே பலன் தருகிறது. ஆனால் சுண்ணாம்பும் மின்சாரமும் ஆட்களும் நாள்தோறும் வேண்டும். அந்தச் சேற்றைக் கசியாமல் வைக்க இடமும் வேண்டும். சுரங்கத்துக்கு அனுமதி வழங்கும்போது பெறப்படும் வைப்புத்தொகை, குழியை மூடி மரம் நடும் செலவோடு நின்றுவிடாமல், இந்த நீர்ச் சுத்திகரிப்பையும் கணக்கில் கொண்டு, முதல் பாறை உடைபடும் முன்பே வசூலிக்கப்பட வேண்டும்.