ஒரே ஆண்டின் இரண்டு படங்கள்: திரைப்பட ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கு

நடிகர் ஒருவரின் கலைமதிப்பையும் வணிக வெற்றியையும் ஒப்பிட்டு இளங்கலை இறுதியாண்டு ஆய்வேடு எழுத விரும்பும் மாணவர்கள், எங்கிருந்து தொடங்குவது என்று என்னிடம் கேட்பதுண்டு. இப்பொருளில் ஆய்வேடு எழுதி, அதற்காக மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களிலும் தரவு திரட்டியவள் என்ற முறையில், எனக்குப் பயன்பட்ட வழிகளை எழுதுகிறேன்.

முதலில் தலைப்பைக் குறுக்கிக்கொள்ளுங்கள். கமல்ஹாசனின் கலைப்பயணம் என்று தலைப்பிட்டால் ஆய்வேடு புகழுரையாகத்தான் முடியும். நான் 1982ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவ்வாண்டு பிப்ரவரியில் பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ வெளிவந்து, கமலுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது, ஆகஸ்டில் ஏவி.எம். தயாரிப்பில் எஸ்.பி. முத்துராமன் இயக்கிய ‘சகலகலா வல்லவன்’ வெளிவந்து பெரும் வசூலை ஈட்டியது. இருபது ஆண்டு இடைவெளியுள்ள இரு படங்களை ஒப்பிட்டால், வேறுபாட்டுக்குக் காரணம் வயதா, அனுபவமா, மாறிவிட்ட ரசனையா என்று பிரித்தறிவது கடினம். ஒரே ஆண்டுப் படங்களில் அந்தச் சிக்கல் பெருமளவு நீங்கி, கதையும் இயக்குநரும் அதே நடிகரிடம் எதை வேண்டினர் என்பது தெளிவாகத் தெரியும். இம்முறை வேறு நடிகர்களுக்கும் பொருந்தும். 2003இல் ‘சாமி’, ‘பிதாமகன்’ இரண்டிலும் நடித்த விக்ரம் நல்ல தேர்வு.

ஆனால் அந்த ஆண்டோடு நின்றுவிடக் கூடாது. 1981இல் வெளிவந்த ‘ராஜ பார்வை’ கமலின் நூறாவது படம், தயாரிப்பிலும் அவருக்குப் பங்கிருந்தது, வசூல் கைகொடுக்கவில்லை. அடுத்த ஆண்டின் ‘சகலகலா வல்லவ’னை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கலைக்கு இழைத்த துரோகம் என்று அதைத் தள்ளிவிடும் விமர்சனத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின் அவரே எழுதித் தயாரித்த ‘தேவர் மகன்’ (1992) சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது, திரையரங்குகளிலும் வென்றது. சந்தையில் அவருக்கு இருந்த நிலைதான் அத்தகைய படத்தைத் தம் விருப்பப்படி எடுக்கும் துணிவைத் தந்திருக்கும் என்பது என் கருத்து. இதைக் கருத்தாகவே எழுதுங்கள். முடிந்த முடிவாக எழுதினால் சான்று கேட்பார்கள்.

கலைமதிப்பை விருதால் மட்டும் அளக்கவும் வேண்டாம். ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னுக்காகக் கெய்ரோ விழாவில் 1960இல் சிறந்த நடிகராகப் போற்றப்பட்ட சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகருக்கான இந்திய தேசிய விருது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை, வணிக நாயகராகவே பலர் எண்ணும் எம்.ஜி.ஆருக்கு ‘ரிக்‌ஷாக்கார’னுக்காக (1971) அது கிடைத்தது. வணிக வெற்றியை அளப்பதும் எளிதன்று. பழைய படங்களின் வசூல் தொகை ஒவ்வோரிடத்தில் ஒவ்வொரு விதமாகச் சொல்லப்படுவதால், நாளிதழ்த் திரையரங்க விளம்பரங்களிலிருந்து ஓடிய நாள்களைக் கணக்கிடுவதே மேல்.

களப்பணிதான் இந்த ஆய்வின் உயிர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வீடுகளில் வாழ்ந்து, காலைப் பெரட்டுக்கு (வருகைப் பதிவுக்கு) போய், பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டி, திடலில் விரித்த துணித்திரையில் படம் பார்த்த தலைமுறையினர் பலர் இன்று தாமான் (நகர்ப்புறக் குடியிருப்பு) வீடுகளில் பிள்ளைகளோடு இருக்கின்றனர். அவர்களிடம் ‘நடிப்பு நன்றாக இருந்ததா’ என்று கேட்டால், ‘ஆமாம்மா’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். நினைவிலுள்ள ஒரு காட்சியைச் சொல்லும்படி கேளுங்கள். ஒரு பாட்டி, ‘மூன்றாம் பிறை’யின் ரயில் நிலையக் காட்சியைத் தலையில் கைவைத்துக் காட்டியே விவரித்தார், அதே மூச்சில் ‘சகலகலா வல்லவ’னின் புத்தாண்டுப் பாட்டுக்கு வந்து, “அதுலயும் ஒடம்ப வருத்தித்தாம்மா ஆடியிருக்கான், சும்மா வந்துடுமா?” என்றார். விமர்சகர்கள் இரு வேறு தட்டுகளில் வைக்கும் படங்களை அவர் உழைப்பு என்ற ஒரே அளவுகோலால் அளந்தார். வாழ்நாள் முழுதும் உடலுழைப்பில் வாழ்ந்தவரின் அந்த மதிப்பீட்டை நான் படித்த பல கட்டுரைகளைவிட உயர்வாகக் கருதுகிறேன். இத்தகைய பேச்சைச் செந்தமிழாக்காமல், சொன்னவாறே பதிவுசெய்யுங்கள்.

வாய்மொழித் தேர்வில், இத்தனை ஆண்டுகளுக்குப் பிந்திய நினைவை எப்படி நம்புவது என்ற வினா பெரும்பாலும் வரும். 1982இல் மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அந்த நினைவு சான்றாகாது. எது இன்றுவரை அவர்களிடம் நிலைத்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை. இவ்விரண்டையும் முன்கூட்டியே பிரித்து எழுதியிருந்தால் தயங்காமல் விடை சொல்லலாம். 2003இல் திரையரங்குகளில் தோற்ற ‘அன்பே சிவம்’ பின்னர் தொலைக்காட்சி வழியே பெரும் மதிப்பைப் பெற்றதைத் துணைக்கு எடுத்துக்காட்டுங்கள். அதனால் தரவு அட்டவணையில் வெளியான காலத்து வரவேற்புக்கு ஒரு பத்தியும் பிற்கால வரவேற்புக்கு மற்றொரு பத்தியும் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். நேர்காணல்கள் முடிந்த பின்பு பிரிக்க முயன்றால், எவர் எந்தக் காலத்தைப் பற்றிப் பேசினார் என்று கண்டுபிடிக்க ஒலிப்பதிவுகளை மீண்டும் முழுமையாகக் கேட்க வேண்டியிருக்கும்.