டேப்பின் மறுமுனை

"இதைப் பிடிங்க தம்பி" என்று டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, புதுச் சாலையின் அந்தப் பக்கம் நடந்தார் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்.

காகிதத்தில் அகலம் 3.75 மீட்டர். டேப்பில் 3.20.

திரும்ப அளந்தோம். அதே 3.20தான்.

கத்துவார் என்று நினைத்தேன். பேனாவை எடுத்து, செய்த வேலையின் அளவுகளை அதிகாரிகள் பதியும் அளவுப் புத்தகத்தின் நகல் ஓரத்தில் தேதி, நேரம், இரண்டு எண்கள் எழுதினார். வேடிக்கை பார்த்த இருவரிடம் கையெழுத்து வாங்கினார். அவ்வளவுதான்.

அந்த நகல், 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கியது. 30 நாளில் வந்திருக்க வேண்டும். மேல்முறையீடு போட்ட பிறகுதான் வந்தது, சரி. காகிதம் மட்டுமல்ல, வேலையையே நேரில் பார்வையிடலாம், போட்ட பொருளின் மாதிரியையும் கேட்டு வாங்கலாம் என்கிறது அதே சட்டம். எனக்கு இன்றுதான் தெரியும்.

1994இல் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு செய்ததும் ஏறக்குறைய இதுதான். செலவுக் கணக்கை ஊர் நடுவே சத்தமாக வாசித்தார்கள். கணக்கில் முடிந்திருந்த வேலை எதிரே அரைகுறையாக நின்றது.

டேப்பைச் சுருட்டியபடி ஆசிரியர் சொன்னார்: "நாளைக்குக் கனம் பார்க்கணும். இது வேண்டாம், பள்ளிக்கூட ஸ்கேல் போதும்."