சார்ஜ் போட்டியா?

ராத்திரி பதினொன்றரை இருக்கும். மேசையில் லேப்டாப், அதன் பக்கத்தில் போன், அதற்கும் பக்கத்தில் பாதி குடித்து ஆறிப்போன காபி. சார்ஜர் வயரை இழுத்தேன், வயர் கோப்பையை இழுத்தது, அவ்வளவுதான். போன் காபிக் குட்டையில் மல்லாந்து கிடந்தது.

பதறி எடுத்து சட்டையிலேயே துடைத்தேன். கீழ்ப்பக்கம் சாய்த்தபோது ஸ்பீக்கர் ஓட்டைகளிலிருந்து இரண்டு மூன்று பழுப்புச் சொட்டுகள் விழுந்தன. ஆனால் திரை பளிச்சென்று எரிந்தது. அப்பாடா என்று இருந்தது. உடனே எல்லாவற்றையும் சோதிக்க ஆரம்பித்தேன். டார்ச் எரிகிறதா, எரிகிறது. கேமரா திறக்கிறதா, திறக்கிறது. ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் மூக்கடைத்த குரலில் பாடியது, ஆனாலும் பாடியது. பேட்டரி 18 சதவீதம்தான் இருந்தது, அதனால் சார்ஜ் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். காலையில் 100 சதவீதம். மூன்று நாள் ஒரு பிரச்சினையும் இல்லை. நான்காவது நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிர்முனைக் குரல் தேய்ந்தது, கேமராவுக்குப் பக்கத்தில் சுடச்சுட ஆனது, திரை இரண்டு முறை மினுங்கிவிட்டு அணைந்தது. அதன்பிறகு என்ன அழுத்தியும் உயிர் வரவில்லை.

போன் போர்டுகளைப் பழுது பார்க்கும் நண்பன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் கொண்டுபோனேன். என்ன கொட்டியது, எவ்வளவு நேரம் ஊறியது என்றெல்லாம் அவன் கேட்கவில்லை. அவன் கேட்ட முதல் கேள்வி, "சார்ஜ் போட்டியா?"

"ஆமா."

"ராத்திரி முழுக்கவா?"

நான் பதில் சொல்லவில்லை. அவன் சிம் டிரேயை உருவி உள்ளே டார்ச் அடித்துக் காட்டினான். சுவரோரமாகக் குட்டியாக ஒரு ஸ்டிக்கர், சிவப்பாக. ஈரம் படாத வரைக்கும் அது வெள்ளையாகவே இருக்குமாம். (வாரண்டி கேட்டுப் போனால் அவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான். சிவப்பாக இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.) பிறகு பின்மூடியைச் சூடாக்கித் திறந்து, போர்டை எடுத்து மைக்ராஸ்கோப் அடியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னான். காபி காய்ந்த இடமெல்லாம் பழுப்பு வளையம். அதைவிட மோசம், தகர மூடிகளுக்கு அடியில் இருந்தது. போர்டில் சிப்புகள் மேல் சின்னச் சின்னத் தகரக் கவசங்கள் இருக்கும். அதில் ஒன்றைக் கழற்றியதும் பச்சை பச்சையாகப் பூசணம் பிடித்த மாதிரி செம்பு அரித்துக் கிடந்தது. மணல் துகள் அளவில் இருந்த இரண்டு பாகங்களின் காலே கரைந்துபோயிருந்தது.

நாலு நாளில் இப்படி ஆகுமா என்று கேட்டேன். நாலு நாள் தேவையில்லை, கரண்ட் ஓடிக்கொண்டிருந்தால் சில நிமிடங்களிலேயே ஆரம்பித்துவிடும் என்றான்.

பள்ளிக்கூடத்தில் மின்னாற்பகுப்பு படித்திருப்போமே, ஒரு கண்ணாடிக் குவளையில் இரண்டு கம்பிகளை விட்டு பேட்டரியோடு இணைப்பார்களே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. தண்ணீரைப் பிரிக்க அடிப்படையில் 1.23 வோல்ட் இருந்தாலே போதும். போன் பேட்டரியில் கிட்டத்தட்ட 4 வோல்ட் இருக்கிறது. சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது, ஆனால் போனில் விழும் எந்தத் தண்ணீரும் அவ்வளவு சுத்தமில்லை. குழாய்த் தண்ணீரில் உப்புகள் உண்டு, வியர்வையில் உண்டு, பாலில் உண்டு, கடல்நீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முடியளவு இடைவெளியில் இருக்கும் இரண்டு செம்புப் பாதைகளுக்கு நடுவில் இந்த உப்புத் தண்ணீர் நின்றால், ஒரு பக்கத்து உலோகம் கரைந்து மறுபக்கம் போய் வேர் மாதிரி வளரும். வேர் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரையைத் தொட்டால் ஷார்ட். நான் டார்ச் அடித்ததும் பாட்டுப் போட்டதும் சார்ஜ் போட்டதும் எல்லாமே அந்த வேருக்கு ஊற்றிய தண்ணீர்தான்.

காய்வது வேறு, சுத்தமாவது வேறு. காபி காய்ந்தால் தண்ணீர் மட்டும்தான் போகும். உப்பும் சர்க்கரையும் பால் ஆடையும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். சர்க்கரை காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் சர்க்கரை டப்பா பிசுபிசுப்பதைப் பார்த்திருப்பீர்களே, அப்படி. மூன்று நாள் நன்றாக வேலை செய்த போன் நான்காவது நாள் படுத்ததன் ரகசியம் இதுதான்.

இதெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, ஆறேழு மாதம் கழித்து, தங்கையிடமிருந்து அழைப்பு. வேறு யாருடைய போனிலிருந்தோ பேசினாள். "அண்ணா, போன் சோப்புத் தண்ணிக்குள்ள விழுந்துடுச்சு. உடனே எடுத்துட்டேன். நல்லாத்தான் வேலை செய்யுது."

"அணைச்சிடு."

"நல்லாத்தானே இருக்கு, எதுக்கு அணைக்கணும்?"

நல்லா இருக்கும்போதே அணைப்பதுதான் முக்கியம் என்று புரியவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அணைப்பதும் நினைப்பது மாதிரி சுலபம் இல்லை. திரை ஈரமாக இருந்தால் விரல் எது, நீர்த்துளி எது என்று போனுக்குத் தெரியாது. தானாகவே எதையாவது திறக்கும், மூடும், அணைக்கும் ஸ்லைடரை மட்டும் தள்ள விடாது. பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் சரியாகிவிடும் என்று நினைப்போம், பல போன்கள் அப்போது அணையாமல் ரீஸ்டார்ட்தான் ஆகும். ஆகவே முதலில் திரையையும் விரலையும் நன்றாகத் துடைத்துவிட்டு மெனு வழியாக அணைக்கச் சொன்னேன். கவரைக் கழற்று, சிம் டிரேயை வெளியே எடு, சார்ஜர் ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டு, உதறாதே. உதறினால் ஓரத்தில் நிற்கும் தண்ணீர் நடுவுக்குப் போகும். சிம் கார்டுக்கு ஒன்றும் ஆகாது, அதைத் துடைத்து வேறொரு போனில் போட்டுக்கொண்டால் ஓடிபி வருவதாவது நிற்காது. பழைய மாதிரி பேட்டரியைக் கழற்ற முடிகிற போன் என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பேட்டரியைக் கழற்ற வேண்டும், ஏனென்றால் அணைத்த போனிலும் பேட்டரி போர்டோடு சேர்ந்தேதான் இருக்கிறது, சில பாதைகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். அணைப்பது பாதி வைத்தியம்தான்.

"அரிசில போட்டு வைக்கவா?" அடுத்த கேள்வி. வராமல் இருக்குமா.

அரிசியின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அரிசி டப்பாவுக்குள் போன பிறகு யாரும் போனை நோண்டுவதில்லை என்கிற ஒரே ஒரு நன்மை அதில் உண்டு. மற்றபடி தகரக் கவசத்துக்கு அடியில் நிற்கும் சொட்டை வெளியே கிடக்கும் அரிசி எப்படி உறிஞ்சும்? அரிசி மாவு சார்ஜர் ஓட்டையில் போய் ஈரத்தோடு சேர்ந்து பசையாவதுதான் மிச்சம். அரிசிப் பையில் போடாதீர்கள், துகள்கள் போனைக் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது, 2024 பிப்ரவரியில் அது பெரிய செய்தியாகவும் ஆனது. ஹேர் டிரையர் அதைவிட மோசம். சூட்டில் ஓரத்துப் பசை இளகும், பேட்டரிக்கும் ஆகாது, காற்று வேகத்தில் ஈரம் இன்னும் உள்ளே போகும். ஃப்ரீசரில் வைத்தேன் என்று சொன்ன ஒருவரையும் எனக்குத் தெரியும், அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

சார்ஜர் ஓட்டையில் மட்டும் ஈரம் என்றால், போன் தண்ணீர் தாங்கும் வகையாகவும் இருந்தால், இவ்வளவு கவலை தேவையில்லை. காற்றோட்டமான இடத்தில் குறைந்தது 30 நிமிடம் வைத்துவிட்டுச் சார்ஜ் போட்டுப் பார்க்கலாம், முழுக்கக் காய 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பது அதே ஆப்பிள் பக்கத்தின் கணக்கு. ஓட்டைக்குள் பஞ்சு, டிஷ்யூ எதையும் திணிக்க வேண்டாம். ஈரம் இருக்கிறது என்று போனே எச்சரிக்கை காட்டினால் அதைத் தள்ளிவிட்டுச் சார்ஜ் போடாதீர்கள், அந்தக் குட்டி பின்களில்தான் முதல் அரிப்பு வரும்.

ஆனால் 'என்னுடையது ஐபி68, ஒன்றும் ஆகாது' என்று சொல்பவர்களிடம் ஒரு வார்த்தை. ஐபி68 என்பது தூசியையும் தண்ணீரையும் போன் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் தரக் குறியீடு. அந்த 8 என்ற எண் எந்த ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்துகொள்ளலாம். ஐபோன் 15-க்கு அது 6 மீட்டர், 30 நிமிடம். கேலக்ஸி எஸ்23-க்கு 1.5 மீட்டர், 30 நிமிடம். இரண்டுமே ஐபி68-தான். சோதனை செய்வதும் புதுப் போனை, நல்ல தண்ணீரில். உங்கள் போனோ இரண்டு வருடம் பாக்கெட்டில் வெந்து, நாலு முறை கீழே விழுந்து, ஓரத்துப் பசை எங்கே விட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாத போன். சோப்பு, சூடான காபி, குளோரின் எல்லாம் அந்தச் சோதனையில் கிடையாது.

தங்கையின் போன் அன்று சாயங்காலமே நண்பன் மேசைக்குப் போய்விட்டது. அவன் முதலில் செய்தது பேட்டரி கனெக்டரைக் கழற்றியதுதான். பிறகு போர்டைத் தனியாக எடுத்து, 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் ஊற்றி, மென்மையான டூத் பிரஷ்ஷால் தேய்த்தான். பல் தேய்ப்பது மாதிரி இல்லை, குழந்தைக்குத் தலை வாரிவிடுவது மாதிரி. கவசங்களுக்கு அடியில் பிரஷ் போகாத இடத்துக்கு, ஒலி அதிர்வால் அழுக்கை நீக்கும் அல்ட்ராசோனிக் தொட்டி. அந்த ஆல்கஹால் தண்ணீரையும் அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மிச்சமில்லாமல் ஆவியாகிவிடும், அதனால்தான் அது. கை கழுவும் சானிடைசரை வைத்து யாரும் இதை முயற்சி செய்யாதீர்கள், அதில் தண்ணீரும் கிளிசரினும் உண்டு, ஒன்றைத் துடைக்கப் போய் இன்னொன்றைப் பூசிவிட்டு வருவீர்கள். பழக்கம் இல்லாவிட்டால் வீட்டில் போனைத் திறக்கவே வேண்டாம். பேட்டரியை நெம்பிக் குத்திவிட்டால் தீப்பிடிக்கும். நனைந்த போன் உப்பினாலோ, அணைத்த பிறகும் சூடாகிக்கொண்டே போனாலோ, வைத்தியமெல்லாம் அப்புறம், முதலில் எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

தங்கையின் போன் இன்றும் ஓடுகிறது. ஒட்டிய பசை பழைய பசை இல்லை என்பதால் இனிமேல் அதைத் தண்ணீர் தாங்கும் போன் என்று நம்ப முடியாது, ஒரு ஸ்பீக்கர் கொஞ்சம் கரகரக்கிறது.

என் போன் கதை பாக்கி இருக்கிறது. அதைத் திரும்ப உபயோகிக்க முடியாது என்பது முதல் நாளே தெளிவாகிவிட்டது. ஆனால் உள்ளே ஒரு வருடப் படங்கள், பேக்கப் எடுக்காதவை. மெமரி சிப்பை மட்டும் கழற்றிப் படிக்க முடியாதா என்று கேட்டேன். இந்தக் காலத்துப் போன்களில் அது நடக்காதாம். தகவல் எல்லாம் பூட்டப்பட்டிருக்கிறது, சாவி பிராசசருக்குள் இருக்கிறது, ஆகவே போர்டு ஒரு தடவையாவது உயிரோடு எழுந்து நான் பாஸ்கோடு போட்டால்தான் உண்டு.

போர்டைக் கழுவிக் காயவைத்த பிறகும் ஷார்ட் போகவில்லை. ரோசின் என்கிற மரப் பிசினைச் சுட்டு அதன் புகையைப் போர்டு மேல் படியவிட்டான், வெள்ளையாகப் பனி படர்ந்த மாதிரி ஆனது. பிறகு கொஞ்சமாக மின்சாரம் கொடுத்தான். ஒரே ஒரு இடத்தில், கடுகில் கால்வாசி இருக்கும் ஒரு கெப்பாசிட்டர் மேல் மட்டும், பனி உருகிக் கறுப்பாகத் தெரிந்தது. அதுதான் திருடன். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கரைந்துபோன அந்த இரண்டு பாகங்களையும் மாற்றிவிட்டு, பேட்டரியை மாட்டினான். லோகோ வந்தது. பாஸ்கோடு போட்டேன், கணினியில் மாட்டினோம், படங்கள் நகர ஆரம்பித்தன.

நாற்பது நிமிடம் ஆனது. பாதியில் திரை ஒருமுறை மினுங்கியபோது இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. கடைசிப் படமும் வந்து முடிந்ததும், சரி, கேமரா வேலை செய்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று கையை நீட்டினேன். அவன் என் கையைத் தட்டிவிட்டு பேட்டரி கனெக்டரைக் கழற்றினான்.